அருங்காட்சியகப் பயிற்சி: ஓவிய மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூசியைக் கண்டால் ஊதுவது, துணியால் ஒரு துடை துடைப்பது, உதிர்ந்ததை உடனே ஒட்டுவது, எந்நேரமும் கையில் ஒரு பேனா. ஓவிய, சிற்பக் கல்லூரியில் கைக்குப் பழகிய இந்தக் காரியங்கள்தான் அருங்காட்சியகத்தில் பொருளைக் கெடுக்கின்றன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம்போலச் செப்புத் திருமேனிகள் (தெய்வச் சிலைகள்) நிறைந்த இடத்துக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கையை அடக்கத்தான் முதலில் பழக வேண்டும்.

திருமேனியை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பிலுள்ள குளோரைடு செம்பை அரிக்கும். உலோகத்துக்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறைதான் சரி. பருத்திக் கையுறை வழவழப்பான பரப்பில் வழுக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) பிரிந்து நிற்கும் இடத்தில் பருத்திக் கையுறையின் நூல் மாட்டினால் ரேக்கும் கையோடு வந்துவிடும். பழைய தாள்களுக்கோ, கழுவி நன்றாகக் காய்ந்த வெறுங்கையே பெரும்பாலும் நல்லது. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஓரம் கிழிகிறது.

சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமின்றிக் கட்டியாக வார்க்கப்பட்டவை. சிறியதுதானே என்று கை வைத்தால் எடை ஏமாற்றிவிடும். திருவாசியையோ (சிலையைச் சுற்றியுள்ள வளைவு) நீட்டிய கையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை பீடத்தின் அடியில், மறு கை உடலின் தடித்த பாகத்தில். சற்றே பெரியதென்றால் இருவர் வேண்டும். கொண்டுபோய் வைக்கும் மேசையைக் காலி செய்து, நுரை விரிப்புப் போட்ட பிறகே பொருளைத் தொடுங்கள். தூக்கிக்கொண்டு இடம் தேடுவதில்தான் மோதல் நடக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்தில் ஆடும் அடையாள அட்டை எல்லாவற்றையும் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்யும் ஆசை. வீட்டுப் பித்தளைக்குப் புளி போடுவதுபோல இங்கே போட்டால் சிலையின் பழைய மேற்பரப்பே போய்விடும். கெட்டியாக, கரும்பச்சையாகப் படிந்த களிம்பு பெரும்பாலும் உலோகத்துக்குக் காப்பு. ஆனால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு வகை. அதை வெண்கல நோய் என்பார்கள். குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து அமிலமாகி, செம்பை மேலும் மேலும் தின்னும். அதைத் துலக்கப் பார்க்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு அன்றே வேதிப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அவர்கள் சிலையைச் சிலிக்கா ஜெல் போட்ட உலர் பெட்டியில் தனியே வைக்கச் சொல்லலாம். புதையலாகக் கிடைத்த சிலையில் ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான், அதையும் தட்டிவிடாதீர்கள்.

எழுத்து வேலையில் ஓவிய மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இடம், வலத்தில். படம் வரைந்து பழகிய கண் பார்ப்பவரின் பக்கத்திலிருந்து எழுதும். பதிவேட்டுக்குத் தேவை சிலையின் சொந்த வலம். நடராசரின் உடுக்கை பின் வலக்கையில், தீ பின் இடக்கையில், தூக்கிய கால் இடது. நமக்கு எதிரே நிற்பதால் எல்லாம் மாறித் தெரியும். ஆய்வு செய்யாத சிலையை ‘ஐம்பொன்’ என்று எழுதிவிடுவதும் வழக்கமான பிழை. ‘செப்புக் கலவை’ என்பதே போதும்.

பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதும் நிலை அறிக்கையில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘மேல் இடது மூலையிலிருந்து 4 செ.மீ. கீழே, 2.5 செ.மீ. நீள விரிசல்’ என்று எழுதினால்தான் அடுத்த ஆண்டு அது வளர்ந்ததா என்று ஒப்பிட முடியும். அளவை உயரம், அகலம், ஆழம் என்ற ஒரே வரிசையில், பீடத்தோடும் பீடமில்லாமலும் தனித்தனியாகக் குறியுங்கள். பென்சில் மட்டுமே, மை சிந்தினால் திரும்பாது. பதிவு எண்ணைச் செல்லோடேப்பில் எழுதி ஒட்டினால், பசை நாளடைவில் மஞ்சளாகிப் பொருளில் ஊறிவிடும்.

தாள் ஓவியங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) ஒளியே வரம்பு. வெளுத்த நிறம் திரும்பாது என்பதால் ஃபிளாஷ் வேண்டாம்.

ஏதாவது உடைந்துவிட்டால் ஃபெவிகுவிக்கைத் தேடாதீர்கள். அந்தப் பசையை எடுப்பது உடைந்ததைவிடப் பெரிய வேலை. அப்படியே விட்டு, படமெடுத்து, காப்பாட்சியரை அழையுங்கள். அவர் சொன்ன பிறகு, பொடி உட்பட எல்லாத் துண்டுகளையும் ஒரே உறையில் போட்டுப் பதிவு எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

கிடங்கில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போடலாமா, எழுதிய அறிக்கையைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாமா என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.