குறும்பியில் அடைபட்ட பட்டியல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகராக இருக்கிறேன். எங்கள் காத்திருப்புப் பட்டியல் தேதி வரிசையில் மட்டுமே இருந்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குப் பிறந்து 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் பேச்சு பின்தங்கக்கூடும். எனவே குழந்தைகளை முதலில் பிரித்தேன். மற்றவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். சிலர் ஊர் மாறியிருந்தார்கள். சிலர் காத்திருந்தே இறந்துபோயிருந்தார்கள். அன்று மனம் கனத்தது.

ஆனால் பெரிய அடைப்பு காதுக் குறும்பிதான். பரிசோதனையன்று காது அடைத்திருந்தால் அந்த நாளே வீண். அவர் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார். இப்போது இரண்டு வாரம் முன்பே அருகிலுள்ள கிளினிக்கில் காதைப் பார்த்து, எண்ணெய்ச் சொட்டு கொடுத்துக் குறும்பியை எடுத்துவிடுகிறார்கள். அப்படிக் குறும்பி எடுத்தபின் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் வழக்கம்போல் உரக்கப் பேசினேன். "மெதுவாகப் பேசு அம்மா, கேட்கிறது" என்றார்.