கடனைத் தவணைக்குக் கொண்டுவரும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடன் கழுத்துவரை வந்த பிறகு, "இனிமேல் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி ஒரு தவணைக்குக் கொண்டுவந்துவிடலாம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த முடிவுக்கும், தவணை எழுத்தில் உறுதியாகும் நாளுக்கும் நடுவில் சில வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் ஓடிவிடும். வேலூர்ப் பக்கம் நான் பார்த்தவரை, பலர் சறுக்குவது அந்த இடைவெளியில்தான். கையில் பணம் இல்லை என்பதைவிட, இருக்கிற கொஞ்சப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் போவதுதான் அவர்களைக் கவிழ்க்கிறது.

முதலில் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ நேரடியாக எழுதிக் கொடுத்துத் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். ஒரே தொகையாகக் கட்டி முடிக்கும் சமரசத்துக்கு விண்ணப்பிக்கலாம். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம், வழக்கு போடும் முன்பே அதற்கு மனு கொடுக்க முடியும். எதுவும் முடியாதபோது திவால் மனு இருக்கிறது. ஊரில் 'மஞ்சள் நோட்டீஸ்' என்பார்களே, அதுதான். வேலூர் போன்ற மாவட்டங்களில் அதற்கு இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டமே பொருந்தும். அந்தச் சட்டத்திலும் கடன் கொடுத்தவர்களோடு உடன்பாட்டுத் திட்டம் போட்டு, நீதிமன்றத்தின் ஒப்புதலோடு அடைத்துவர இடமுண்டு. இதில் எந்த வழியில் போனாலும் கீழே சொல்லும் தவறுகள் பொதுவானவை.

சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது

எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் தறி ஓட்டுகிறார், மனைவி பீடி சுற்றுகிறார். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய் என்று வையுங்கள். வங்கியில் நகைக்கடன், இரண்டு இடத்தில் மகளிர் குழு லோன், வண்டிக்கு ஃபைனான்ஸ், தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய கைமாற்று, அப்புறம் தினமும் கட்டும் தண்டல். எல்லாத் தவணையையும் கூட்டினால் 27,000 வருகிறது. பொழுது சாயும் நேரத்தில் தண்டல்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, பையிலிருந்து சின்ன அட்டையை எடுப்பார். பக்கத்து வீட்டு ஆட்கள் திண்ணையில் இருப்பார்கள். மானம் போகக் கூடாது என்று அரிசிக்கு வைத்திருந்த 300 ரூபாய் அவர் கைக்குப் போய்விடும். நகைக்கடன் கொடுத்த வங்கி இப்படி வாசலுக்கு வருவதில்லை. தபாலில் ஒரு நோட்டீஸ் வரும், இன்னொன்று வரும், கடைசியில் ஏல அறிவிப்பு வரும். அம்மா வீட்டில் போட்ட ஆறு சவரன் அப்படியே போகும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, ஈடு என்ன, ஜாமீன் யார், கட்டாவிட்டால் என்ன போகும் என்று எழுதுங்கள். இந்தக் கடைசிக் கேள்விதான் வரிசையை முடிவுசெய்ய வேண்டும். சாப்பாடு, வாடகை, கரண்ட், மருந்து, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். அடுத்து வீடு, நகை, பிழைப்புக்கு வேண்டிய வண்டி போன்ற ஈடு உள்ள கடன்கள். மீதி இருப்பதை மற்றவர்களுக்குக் கடன் அளவுக்குத் தக்கபடி பிரித்துக் கொடுங்கள். பங்கு சிறியதாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று காட்ட முடிந்தால், பேச்சுவார்த்தையில் உங்கள் வார்த்தைக்கு எடை கூடும்.

திவால் மனு வரை போகலாம் என்று நினைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தோடு பணம் கொடுத்திருந்தால், நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல முடியும். "வீட்டை மச்சான் பேருக்கு எழுதி வைத்துவிடு" என்று யோசனை சொல்ல ஊரில் எப்போதும் ஆள் உண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள். உண்மையான விலை வாங்காமல் இரண்டு ஆண்டுக்குள் செய்த மாற்றம் ரத்தாகலாம், உங்கள் நாணயமும் அதோடு போய்விடும்.

போனை அணைத்துவிட்டு ஒளிவது

சிம் கார்டை மாற்றுவது, வாசலைப் பூட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போவது எல்லாம் பயத்தில் செய்வது. புரிகிறது. ஆனால் நீங்கள் ஒளிந்தால் கடன் கொடுத்தவர் கோப்பில் 'கட்ட மனமில்லாதவர்' என்று ஏறிவிடும். அதற்குப் பதில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன நடந்தது (வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு, தறி நின்றது), மாத வருமானம் எவ்வளவு, மொத்தக் கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதி, வருமானத்துக்கோ மருத்துவத்துக்கோ ஆதாரம் இருந்தால் நகல் இணையுங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள்.

இதில் நாள் முக்கியம். தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்னால் தவணைக் காலத்தை நீட்டக் கேட்பது எளிது, பிறகு ஒவ்வொரு படியும் கடினம். வீட்டுக் கடன் போன்ற ஈடுள்ள கடனில் சர்ஃபேசி (கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு அதிகாரம் தரும்) சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வந்தால், பிரிக்காமல் அலமாரியில் வைப்பது அடுத்த தவறு. அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தரலாம், வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்தின் மீது அந்தச் சட்டம் பாயாது.

கடிதம் எழுதும்போதே முழுக் கணக்கு விவரத்தையும் கேளுங்கள். தாமதத்துக்கு விதிக்கும் அபராதத்தை வட்டியாகச் சேர்த்து அதன்மேல் மறுபடியும் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டு, 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கணக்கைப் பார்க்காமல் அவர்கள் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. குழு லோனுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. கடன் வாங்கிய அன்றைக்கே தாண்டியிருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

வாய்ப்பேச்சை நம்புவது, வாய்ப்பேச்சில் வாக்குக் கொடுப்பது

"திங்கட்கிழமை கட்டிடறேன் சார்" என்று சொன்னால் அன்றைக்கு விட்டுவிடுவார்கள். ஆனால் திங்கள் வந்துவிடும், பணம் வந்திருக்காது. தேதி சொன்னால் கட்ட முடிகிற தேதியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் "கடிதம் கொடுத்திருக்கிறேன், பதில் வந்ததும் பேசுகிறேன்" என்பதோடு நிறுத்துங்கள்.

மறுபக்கமும் இதே கதைதான். வசூலுக்கு வருபவர், "முப்பதாயிரம் கட்டுங்கம்மா, மீதியைத் தள்ளிடுவாங்க" என்பார். அவருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. கட்டிய பணம் பழைய வட்டியில் வரவாகி, மீதி அப்படியே நிற்கும். நிறுவனத்தின் லெட்டர்பேடில் தொகை, கெடு, 'இத்துடன் கணக்கு முடிகிறது' என்ற வாசகம் மூன்றும் வந்த பிறகே கட்டுங்கள். அதுவும் கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும், ஏஜென்டின் ஜிபே நம்பருக்குப் போடக் கூடாது. குறைத்துக் கட்டி முடித்தால் சிபில் அறிக்கையில் (கடனை எப்படிக் கட்டினோம் என்ற பதிவு) 'செட்டில்டு' என்று பதிவாகும், அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

மிரட்டலைச் சகித்துக்கொள்வது

கடன் வாங்கியதால் வசவு வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வங்கியோ நிதி நிறுவனமோ, அதன் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்கு மேலும் போன் செய்யக் கூடாது. குழு லோன் போன்ற சிறுகடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். வருகிறவர் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும், கேளுங்கள். சிறுகடனை வழக்கமாகக் கட்டும் இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு அவமானப்படுத்துவதும் கூடாது.

தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், விவரம் கேட்க 14448 எண் இருக்கிறது. தனி ஆள் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று பிழிந்தால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் உண்டு. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டமே நிறைவேற்றியது. அடி, உதை, வீட்டுப் பொருளைத் தூக்குவது என்று போனால் கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் போலீஸுக்குப் போங்கள்.

குழு லோனில் மட்டும் ஒரு சங்கடம். உங்களுக்காக மற்ற பெண்கள் கட்ட வேண்டி வரும், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தலைவியிடம் முன்கூட்டியே, "அக்கா, இந்த மாசம் பாதிதான் முடியும், லெட்டர் கொடுத்திருக்கேன்" என்று சொல்லி நகலைக் காட்டுங்கள்.

வெற்றுக் காசோலையும் வெற்று நோட்டும்

நெருக்கடி நேரத்தில் "ஒரு செக் கொடுத்துட்டா கொஞ்சநாள் பொறுத்துக்கிறேன்" என்பார்கள். கொடுக்காதீர்கள். பணமில்லாமல் செக் திரும்பினால், நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளில் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்காகும், இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சாதாரணமாகக் கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. உண்மையிலேயே வசதியில்லாதவரைச் சிவில் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. வெறும் கடனைக் குற்ற வழக்காக்க நாமே ஒரு காகிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம். தொகை எழுதாத புரோநோட்டும் இதே ரகம். பணம் கொடுக்கும்போது நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கினால் மூன்று ஆண்டுக் காலக்கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

கோர்ட்டு சம்மன் வந்தால் போகாமல் இருக்கவே கூடாது. போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்பே ஆனாலும் தாலி, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்பவரின் கருவிகள் இவற்றை ஜப்தி செய்ய முடியாது, சம்பளத்திலும் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும்.

இந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதுவும் செல்போன் ஆப்பில் வாங்கும் கடன், வேண்டவே வேண்டாம். "மொத்தக் கடனையும் பாதியாக்கித் தருகிறோம், முதலில் எங்கள் ஃபீஸைக் கட்டுங்கள்" என்று வரும் ஏஜென்சிகளும் வேண்டாம். தவணையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர்கள் காணாமல் போனால், மாட்டிக்கொள்வது நீங்களும் உங்களுக்கு ஜாமீன் போட்டவரும்தான். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், தாலுகா நீதிமன்றங்களில் உள்ள வட்டக் குழுக்களிலும் இலவசமாகவே உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்வது

லோக் அதாலத் மேசையில் எல்லாரும் தன்மையாகப் பேசுவார்கள், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நமக்கும் இருக்கும். அந்த நிம்மதியில், மாதம் 4,000 கட்ட முடிகிறவர் 7,000 என்று சொல்லிவிடுவார். அங்கே போடும் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை. தவறினால் நேராக நிறைவேற்று மனுதான், அதாவது தீர்ப்பை அமல்படுத்தி வசூலிக்கக் கேட்கும் மனு. ஆகவே தொகை சொல்வதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்குப் போடுங்கள். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வரும், ஜூனில் பள்ளிக் கட்டணம், அப்புறம் தீபாவளி. வேலை குறைவான மாதமும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த மாதங்களிலும் கட்ட முடிகிற தொகையைத்தான் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லையா, சரி, இன்னொரு வாய்தா கேளுங்கள். அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

உடன்பாடு கையில் வந்த பிறகும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குடும்பச் செலவுக்கான பணத்தைக் கடன் இருக்கும் வங்கியிலேயே போட்டு வைத்தால் அவர்கள் பாக்கிக்கு எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு, வேறு வங்கியில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். கடைசித் தவணை முடிந்ததும் பாக்கியில்லாச் சான்றிதழையும், எழுதிக் கொடுத்த புரோநோட்டையும் செக்கையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும்.