பொத்தானை அழுத்தும் முன் நோட்டை எடுங்கள்

இணைய வகுப்பில் மெய்நிகர் சோதனைகளைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் (PhET) தளத்தில் தனி ஊசல் சோதனை, அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டு, இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

ஆனால் எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். "குண்டின் எடையைக் கூட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா, அப்படியேதான் ஆடுமா?" என்று கேட்டு, விடையை நோட்டில் எழுத வையுங்கள். எழுதாத பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை.

காரைக்குடியிலிருந்து நான் நடத்தும் வகுப்பில் பலரும் "வேகமாக" என்றே எழுதினார்கள். திரையில் ஓர் அலைவுக்கு, அதாவது ஒருமுறை போய்த் திரும்ப, ஆகும் நேரம் மாறவே இல்லை. கானாடுகாத்தான் மாணவி ஒருத்தி அதை நம்பவில்லை. வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஒரு மீட்டர் நூலில் பழைய இரும்புப் பூட்டைக் கட்டி மெல்ல ஆட்டினாள். 10 அலைவுக்கு 20 விநாடி. பூட்டை அவிழ்த்துவிட்டு அதன் சாவியைக் கட்டினாள். அதே 20! "டீச்சர், உலக்கைப் பூணையும் கட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைய வகுப்பே நிறைந்துவிட்டது.

வீட்டில் இப்படிச் சரிபார்த்த பிறகு, திரையில் ஈர்ப்பு விசையை நிலவுக்கு மாற்றிக் காட்டுங்கள். அங்கே அதே ஊசலின் ஓர் அலைவுக்குச் சுமார் 5 விநாடி ஆகும்.