உதைக்கிற ரைஃபிளுக்கு எந்த பேட்?

என் .375 எச் அண்ட் எச் மேக்னம் ரைஃபிளில் முதலில் மாட்டியது மெத்தென்ற ரீகாயில் பேட், அதாவது சுடும்போது தோளில் விழும் உதையைத் தாங்க ரைஃபிளின் பின்முனையில் பொருத்தும் ரப்பர் மெத்தை. சில வருடங்களில் பிசுபிசுத்து, சட்டையில் கறுப்பாக ஒட்டத் தொடங்கியது. தப்பு பாதி என்னுடையதுதான்: குழல் துடைக்கும் எண்ணெய் வழிந்து அதில் ஊறியிருந்தது, போதாததற்கு ரைஃபிளை எப்போதும் பேட் மேலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

இப்போது வாங்கும்போது கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு எடுப்பேன். பள்ளம் முழுதாக மேலெழ வேண்டும். அடித்தகடு ரப்பரோடு சேர்த்தே வார்த்ததா என்றும் பார்ப்பேன்; வெறும் பசையில் நிற்பது தொடர் உதையில் பிரியலாம். பக்கவாட்டில் ஓட்டை விட்ட பழைய பாணி பேட் பார்க்க அழகுதான், எனக்கு வேண்டாம். ஓட்டைகளுக்கு நடுவே ரப்பர் மெலிந்திருக்கும், விரிசல் அங்கேதான் விழும்.

தடிமன் 1 அங்குலம் போதும். அந்த அளவுக்குக் கட்டையை (தோளில் வைக்கும் ரைஃபிளின் பின்பகுதியை) அறுக்காவிட்டால் ட்ரிகர் தள்ளிப்போய்விடும். மேல்முனை உருண்டிருந்தால் தோளுக்குத் தூக்கும்போது சட்டையில் சிக்காது.

சரி, அளவு? கட்டையைவிடக் கொஞ்சம் பெரியதாக வாங்கித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். சிறியதை ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ஸ்க்ரூவில் துளி சோப்பு தடவி இறக்குங்கள், ரப்பர் முகம் கிழியாது.