படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போகிறீர்களா?

ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம். கடைசி நாட்களில் இருப்பவருக்கு அது இறங்காது. அந்த நிலையில் பசி குறைவது இயல்புதான். "சோறுகூட ஊட்டாம விட்டுட்டியே" என்று மருமகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்தாலே அவருக்கு இதமாக இருக்கும்.

நம் தருமபுரிப் பக்கம் கவனித்துக்கொள்பவருக்கு மாடும் இருக்கும், காட்டு வேலையும் இருக்கும். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். "சாயங்காலப் பாலை நான் சொசைட்டியில ஊத்திடறேன்", "ரெண்டு மணி நேரம் நான் உட்கார்ந்திருக்கேன், நீ போய்த் தூங்குக்கா" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். களியும் கீரைக்குழம்பும் கொண்டுபோனால் அன்றைக்கு அடுப்பு வேலை மிச்சம். ஆனாலும் என்னைக் கேட்டால், தூக்கம்தான் பெரிய உதவி.

பேரப்பிள்ளைகளை விரட்டாமல் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொள்ள விடுங்கள்.

அப்புறம், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். கவனித்துக்கொள்பவர் மனம் உடைந்துபோனால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம்; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.