அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்துக் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தது. அங்கே முதல் ஆளாகப் பதிவானவர் ஆனி மூர், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துப் பெண். அவர் பிறகு டெக்ஸஸுக்குப் போய் டிராம் மோதி இறந்தார் என்று பல காலம் நம்பினார்கள். 2006இல் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால், அந்த டெக்ஸஸ் ஆனி இல்லினாய்ஸில் பிறந்தவர்! நிஜ ஆனி நியூயார்க்கிலேயே குடும்பம் நடத்தி 1924இல் காலமாகியிருந்தார். அயர்லாந்துக் குடும்பங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அதனால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள்.

முதல் வேலை: அயர்லாந்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் கிடைப்பதை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் எந்த ஆண்டு வந்தார், அவருடைய அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்பது இருக்கும். இறப்புச் சான்றிதழ், தேவாலயத் திருமணப் பதிவு, கல்லறைக் கல் எதையும் விடாதீர்கள்.

இவை எல்லாவற்றிலும் நீங்கள் தேடுவது ஒரு ஊர்ப்பெயர். 'அயர்லாந்து' என்று மட்டும் இருந்தால் போதாது. அங்கே நிலத்தின் மிகச் சிறிய பிரிவுக்கு டவுன்லேண்ட் என்று பெயர். பெயரில்தான் டவுன்; பல இடங்களில் கொஞ்சம் வயலும் நாலைந்து வீடும்தான். இப்படி 60,000க்கும் மேல் உண்டு, ஒரே பெயரில் பலவும் உண்டு. எனவே மாவட்டத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாரும் குழம்பும் இடம்: நாடு என்ற கட்டம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது உங்கள் கொள்ளுத்தாத்தா விக்டோரியா மகாராணிக்கான விசுவாசத்தைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்திருப்பார். அதைப் பார்த்து 'அட, இங்கிலாந்துக்காரரா?' என்று பதறவேண்டாம். அப்போது அயர்லாந்து முழுக்க பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தது. லிவர்பூலில் கப்பல் ஏறியவர்களும் ஏராளம். பின்னாளில் அமெரிக்கப் பயணிகள் பட்டியலில் இனத்துக்குத் தனிக் கட்டம் வந்தது. ஒரே வரிசையில் நாடு பிரிட்டன், இனம் ஐரிஷ் என்று இருக்கும். இரண்டுமே சரிதான்.

ஊர் தெரிந்துவிட்டதா? சரி, இனி அயர்லாந்து. 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் போய்விட்டன; 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்திருந்தது. முழுசாகத் தப்பிய 1901, 1911 கணக்கெடுப்புகளை தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே சில பெரியவர்களுக்குப் பத்து வயதுக்கும் அதிகமாகக் கூடியிருக்கும்! 1909இல் எழுபது வயதானவர்களுக்குப் பென்ஷன் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்; அதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. எல்லாருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். சான்றிதழ் காட்ட அவர்களிடம் ஏது?

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள்தான் (ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள்) கதி. தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் பல பக்கங்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே ஜக்கோபஸ், ஜான் ஜொஹானஸ். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அத்தையோ மாமாவோதான். அடுத்த தேடலை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.