பீர்க்கங்காய்த் தோலைக் கொட்டாதீர்கள்: முதல்முறை துவையல் அரைப்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் பீர்க்கங்காய் வாங்கினால் இரண்டு நாளைக்குக் கவலையில்லை. சதை அன்றைக்குக் கூட்டாகிவிடும், தோல் மறுநாள் துவையல். சமையல் பழகும்போது தோலைக் குப்பைக்கு அனுப்பாமல் சமைக்க எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

இளசான காயாக இரண்டு வாங்குங்கள். அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். முற்றிய காயின் தோலில் நார்தான் இருக்கும். உப்பும் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தோலையே சாப்பிடப் போகிறோம், இதில் அவசரம் வேண்டாம்.

அடுத்து, காயில் சின்னத் துண்டு வெட்டி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயைத் தோலோடு தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்கும் பீர்க்கங்காய் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். வேகவைத்தாலும் அது போகாது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் இந்த இடத்தில் உதவாது.

கசப்பில்லை என்றால், விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டி நரம்பை மட்டும் மெல்லச் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலைக் கொஞ்சம் சதையோடு சேர்த்துச் சீவிப் பொடியாக நறுக்குங்கள். ஒன்றரைக் கப் தோலுக்கு உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 4, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, சுண்டைக்காய் அளவு புளி, பெருங்காயம், கல் உப்பு.

வாணலியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பருப்புகளைச் சிறு தீயில் பொன்னிறமாக வறுங்கள். மிளகாயும் பெருங்காயமும் போட்டு ஒரு புரட்டு புரட்டித் தனியாக எடுத்து வையுங்கள்.

அதே வாணலியில் இன்னும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் தோலை வதக்குங்கள். துவையலின் ருசி இங்கேதான் இருக்கிறது. ஏழெட்டு நிமிடத்தில் தோல் சுருங்கிப் பாதியாகும், நிறம் கறுக்கும், பச்சை வாசனை போகும். அதற்கு முன் இறக்கினால் அரைத்த பிறகும் பச்சையாகவே மணக்கும். கடைசியில் புளியையும் தேங்காயையும் போட்டு ஒரு நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள்.

ஆறியதும் தோல், மிளகாய், உப்பு, புளி, தேங்காய் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு முதலில் அரையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும். அப்புறம் பருப்பைச் சேர்த்து இரண்டே சுற்று. பருப்பு பல்லில் கடிபட வேண்டும். முதலிலேயே போட்டால் சட்னி மாதிரி ஆகிவிடும்.

சூடான சோறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், இந்தத் துவையல், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். மீந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

கை பழகிவிட்டால் சௌசௌ தோலையும் இதே மாதிரி அரைக்கலாம். கொத்தமல்லித் தண்டு இருந்தால் தோலோடு சேர்த்து வதக்குங்கள், மணம் தூக்கும். வாழைக்காய்த் தோலை மட்டும் முதலில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள், துவர்ப்பு குறையும். பச்சை பூத்த உருளைக்கிழங்குத் தோலைத் தொடவே வேண்டாம், அது நஞ்சு.

கோடையில் தர்பூசணி வாங்கினால் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பகுதியைத் தனியே நறுக்கி வையுங்கள். பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்து ஊற்றினால், சுரைக்காய்க் கூட்டு என்றே வீட்டில் நினைப்பார்கள்.